குளிர்காலத்துல ஜன்னல் யாருக்கு, செடிக்கா புத்தகம் படிக்கறவங்களுக்கா?

கேள்வி, நவம்பர் 22

குளிர் ஆரம்பிச்சதுல இருந்து தோட்டத்துல வேலையே இல்ல. தொட்டிச் செடி எல்லாத்தையும் உள்ள தூக்கி வச்சாச்சு. சாயங்காலம் சீக்கிரமே இருட்டிடுது, சரி வாங்கிப் போட்ட புத்தகத்தை எல்லாம் இப்பவாவது படிப்போம்னு உக்காந்தா, வீட்டுல ஒழுங்கா வெளிச்சம் வர்றது ஒரே ஒரு ஜன்னல்ல. அங்க செடியை வைக்கறதா, நான் உக்கார்றதா? இதுல தினமும் தண்ணி ஊத்தியும் இலை மஞ்சளாயிட்டே போகுது. குளிர்காலத்துல செடி வளர்க்கறதே வீண் வேலைன்னு தோண ஆரம்பிச்சிடுச்சு. யாராவது இந்த ரெண்டையும் ஒண்ணா பண்றீங்களா?

நவம்பர் 22, ராத்திரி

தினமும் ஊத்தறதால தான் மஞ்சளாகுது. முதல்ல அதை நிறுத்துங்க. மிச்சம் நாளைக்கு எழுதறேன்.

நவம்பர் 23

ரெண்டையும் ஒண்ணா தான் பண்றேன், பல வருஷமா. சொல்லப்போனா ஒண்ணு இருக்கறதால தான் இன்னொண்ணு நல்லா நடக்குதுன்னே சொல்வேன்.

தண்ணி விஷயத்தை முதல்ல முடிச்சிடலாம். வேருக்கு தண்ணி மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேணும். மண்ணுல இருக்கற சின்னச் சின்ன இடுக்குல தான் அந்தக் காத்து இருக்கு. வெயில் காலத்துல இலை வழியா தண்ணி வேகமா வெளிய போயிடும், மண்ணு காயும், இடுக்குல திரும்பக் காத்து வந்துடும். குளிர்ல வெளிச்சம் கம்மி, செடி உறிஞ்சறதும் கம்மி, ஊத்தின தண்ணி அங்கயே தேங்கி நிக்கும். வேரு மூச்சு முட்டி அழுக ஆரம்பிச்சா இலை மஞ்சளாகி தொங்கும், நாம அதைப் பாத்துட்டு ஐயோ தண்ணி பத்தலன்னு இன்னும் ஒரு சொம்பு ஊத்துவோம். வீட்டுக்குள்ள வச்ச செடி குளிர்காலத்துல சாகறதுக்கு பெரும்பாலும் இது தான் காரணம்.

விரலை ரெண்டு கணு அளவு மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க, ஈரம் தட்டுப்பட்டா விட்டுடுங்க. அதை விட எனக்குப் பிடிச்ச வழி தொட்டியைத் தூக்கிப் பாக்கறது. நல்லா ஊத்தின உடனே ஒரு தடவை தூக்கிப் பாத்து அந்த கனத்தை கைக்கு பழக்கிக்கணும், அப்புறம் தூக்கும்போது லேசா இருக்குன்னு கையே சொல்லிடும். பிளாஸ்டிக் தொட்டியில இது ரொம்ப நல்லாத் தெரியும், மண் தொட்டி தானே கனமா இருக்கறதால கொஞ்சம் பழகணும்.

இப்ப புத்தகம் எங்க வருதுன்னு கேட்டா, தோட்டக்காரங்க கை சும்மா இருக்காது. வேலை இல்லாத காலத்துல அந்தக் கை தண்ணிக் குவளையைத் தேடும், உரத்தைத் தேடும், நல்லா இருக்கற செடியைப் புடுங்கி வேற தொட்டிக்கு மாத்தும். குளிர்காலத்துல செடிக்கு வேண்டியது பெரும்பாலும் நாம அதைத் தொடாம இருக்கறது தான். ஒரு தடிமனான நாவல் கையில இருந்தா அது தானா நடந்துடும். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லல, என் செடிங்க நல்லா இருக்கறதுக்கு ராத்திரி படிக்கற பழக்கம் ஒரு முக்கியமான காரணம்னு நிஜமாவே நம்பறேன்.

ஜன்னல் ரெண்டு பேருக்கும் தான். செடி ஜன்னல் மேடை மேல, நாற்காலி அதுக்குப் பக்கத்துல வெளிச்சம் தோள் வழியா புத்தகத்து மேல விழற மாதிரி. புத்தக அலமாரி மட்டும் அங்க வேண்டாம். நேர் வெயில் பட்டா முதுகு அட்டை வெளுத்துடும், மட்டமான தாள்ல லிக்னின்னு மரத்துல இருக்கற ஒரு பொருள் இருக்கும், அது வெளிச்சத்துல சீக்கிரமே பழுப்பாயிடும்.

நவம்பர் 26

"எங்க ஹால் நல்ல வெளிச்சம் தான், ஜன்னல்ல இருந்து ரெண்டு மீட்டர் தள்ளி வச்சிருக்கேன், அப்பவும் செடி நெட்டையா வளஞ்சு போகுது"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கீங்க. நம்ம கண்ணை இதுல நம்பக்கூடாது. வெளிச்சத்தை லக்ஸ்னு ஒரு அலகுல அளப்பாங்க, வெளிய நல்ல வெயில்ல 1,00,000 லக்ஸ் வரைக்கும் இருக்கும், ராத்திரி விளக்கு போட்ட ஹால்ல சாதாரணமா 100ல இருந்து 300. ஆயிரம் மடங்கு வித்தியாசத்தையும் கண்ணு சமாளிச்சுக்கிட்டு ரெண்டு இடத்துலயும் சுகமாப் பாக்கும், அதனால நமக்கு அந்த வித்தியாசமே உறைக்காது. படிக்கறதுக்கு 500 லக்ஸ் இருந்தா ஏகப்பட்டது, அதே 500ல பூச்செடி சும்மா உயிரோட இருக்கும், அவ்வளவு தான். அதனால ஜன்னல் ஒண்ணு தான் இருக்குன்னா கண்ணாடிக்கு ஒட்டின இடம் செடிக்கு, ஒரு எட்டு தள்ளி நீங்க. நீங்க விளக்கு போட்டுக்கலாம்.

பூமத்திய ரேகைக்கு வடக்க இருக்கறவங்களுக்கு குளிர்காலத்துல தெற்கு பாத்த ஜன்னல் தான் சொத்து, சூரியன் தாழ்வாப் போறதால வெயில் ரூமுக்குள்ள ஆழமா வரும். தெற்க இருக்கறவங்களுக்கு இது வடக்கு ஜன்னல், காலமும் ஜூன் ஜூலை.

உறைபனி விழற இடமா இருந்தா இலை கண்ணாடியில உரசாம பாத்துக்கோங்க, ராத்திரி கண்ணாடிக்கு ஒட்டின காத்து ரூமை விட நல்லாவே குளிரா இருக்கும்.

நவம்பர் 27

விட்டுப்போனது: இலையில தூசி. ஈரத் துணியால அடியில ஒரு கை தாங்கிக்கிட்டு மெதுவா துடைங்க. வர்றதே கொஞ்சூண்டு வெளிச்சம், அதையும் தூசி மறைக்க வேண்டாம். இந்த மாதிரி வேலை, தொட்டி கழுவறது, கத்தரிக்கோல் தீட்டறது இதுக்கெல்லாம் ஒலிப்புத்தகம் போட்டுக்கிட்டா அருமையா இருக்கும். கை அழுக்கா இருக்கும்போது புத்தகத்தைத் தொட மனசு வராது இல்லையா.

டிசம்பர் 2

வெளிய தரையில கீரை, கேரட்டு எல்லாம் விட்டு வச்சிருக்கறவங்க, குளிர்ல அது வளருமான்னு கேட்டதுக்கு. பகல் 10 மணி நேரத்துக்குக் கீழ இறங்கிடுச்சுன்னா பெரும்பாலான காய்கறிச் செடி வளர்றதை கிட்டத்தட்ட நிறுத்திடும்னு தோட்டக்காரங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. நல்லா இருக்கற அளவுக்கு அதுக்கு முன்னாடியே வளத்துட்டா, குளிர்ல அது வளரவும் வளராது, கெட்டும் போகாது, வேணுங்கறப்ப பறிச்சுக்கலாம். பூமத்திய ரேகையில இருந்து 30 டிகிரி அட்சரேகைக்கு உள்ள இருக்கறவங்களுக்கு பகல் 10 மணி நேரத்துக்குக் கீழ போகவே போகாது, அவங்களுக்கு இது தான் நல்ல விளைச்சல் காலம். 50 டிகிரியில டிசம்பர் கடைசியில பகல் சுமார் 8 மணி நேரம் தான், 60ல 6 மணிக்கும் கம்மி.

கேரட்டு குளிர்ல இனிக்குதே, அது பிரமையான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். பிரமை இல்லங்க. குளிர் ஏறினா செடி மாவுச்சத்தை சர்க்கரையா மாத்தும், சர்க்கரை கலந்த சாறு சீக்கிரம் உறையாது, செல்லு வெடிக்காம தப்பிக்கும். செடி தன்னைக் காப்பாத்திக்கப் பண்றது நம்ம நாக்குக்கு லாபமா வருது.

டிசம்பர் 5

இதை எழுதணும்னு தான் இத்தனை நாளா நினைச்சுட்டு இருந்தேன். கிறிஸ்துமஸ் கள்ளி வச்சிருக்கீங்களா? தட்டையா, கணு கணுவா தொங்கும், நுனியில ரோஸ் கலர்ல பூக்கும். எங்கிட்ட ரெண்டு தொட்டி, ஒரே தாய்ச் செடியில வெட்டி நட்டது, ஒரே மண்ணு. ஒண்ணு நான் ராத்திரி படிக்கற நாற்காலிக்குப் பக்கத்துல, இன்னொண்ணு யாரும் விளக்கே போடாத பின் ரூம்ல. பின் ரூம் செடியில ஒவ்வொரு கணு நுனியிலயும் அரிசி அளவுக்கு சிவப்பா மொட்டு, இன்னும் கொஞ்சம் உத்துப் பாத்தா அந்த மொட்டு முனை மட்டும் பளபளன்னு ஈரமா இருக்கற மாதிரி தெரியும். எம்பக்கத்துல இருக்கறதுல பச்சையா புதுக் கணு தான் வருது, மொட்டு ஒண்ணு கூட இல்ல.

காரணம் என் படிக்கற விளக்கு. இந்தக் கள்ளி, பாயின்செட்டியா, செவ்வந்தி இதெல்லாம் குறும்பகல் செடி. ராத்திரி நீளமா, முறியாம இருந்தா தான் மொட்டு கட்டும். கள்ளிக்கு 12ல இருந்து 14 மணி நேர இருட்டு, அதுவும் ஒரு ஆறு வாரம் விடாம வேணும். சாயங்காலம் 6 மணிக்கு இருட்டினாலும் நான் 11 மணி வரைக்கும் பக்கத்துல விளக்கு போட்டுப் படிச்சா அதுக்கு ராத்திரியே 11 மணிக்குத் தான் ஆரம்பிக்குது.

அமெரிக்க விவசாயத் துறையில கார்னர், அல்லார்டுன்னு ரெண்டு பேரு 1920ல இதை வெளியிட்டாங்க. அவங்ககிட்ட ஒரு ரக புகையிலை இருந்தது, கோடையில ஆள் உயரத்துக்கு மேல வளரும், பூக்கவே பூக்காது. உரம், ஈரம், சூடுன்னு எல்லாத்தையும் சந்தேகப்பட்டுட்டு, கடைசியில தினமும் சாயங்காலம் தொட்டியோட இருட்டு அறைக்குள்ள தள்ளி, காலைல வெயில் ஏறினப்புறம் வெளிய எடுத்தாங்க. பகல் சுருங்கினதும் கோடையிலயே பூத்துடுச்சு.

அதனால குறும்பகல் செடியை படிக்கற ரூம்ல வைக்காதீங்க, இல்லன்னா சாயங்காலம் ஒரு அட்டைப்பெட்டியைக் கவுத்து மூடிடுங்க. மொட்டு நல்லா தெரிய ஆரம்பிச்சப்புறம் எங்க வேணா கொண்டாந்து வச்சு ரசிக்கலாம்.

டிசம்பர் 6

நேத்து எழுதினதுல இன்னொரு சுவாரஸ்யம் இருக்கு. பேர் குறும்பகல் செடின்னாலும் செடி அளக்கறது பகலை இல்ல, ராத்திரியை. 1938ல ஹாம்னர், பானர்னு ரெண்டு பேர் மருளூமத்தைச் செடியை வச்சுப் பாத்தாங்க. பகல் நடுவுல இருட்டாக்கினா செடி கண்டுக்கல, நீளமான ராத்திரி நடுவுல கொஞ்ச நேரம் விளக்கு போட்டா பூக்கறதை நிறுத்திடுச்சு. சிவப்பு ஒளி தான் அதுல ரொம்ப வேலை செய்யும்னு பின்னாடி தெரிஞ்சது, பைட்டோகுரோம்னு ஒரு நிறமி அதைப் பிடிக்குது. செவ்வந்தி வளர்க்கறவங்க இதையே தலைகீழா பயன்படுத்தி, ராத்திரியில விளக்கு போட்டு பூக்கறதைத் தள்ளிப் போடறாங்க.

தூக்கம் வராம நடுராத்திரி எழுந்து ரெண்டு அத்தியாயம் படிக்கறவங்க இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

இன்னொரு விஷயம், கள்ளிக்கு மட்டும் ஒரு சலுகை இருக்கு, இரவு 10ல இருந்து 13 டிகிரி செல்சியஸ் வரைக்கும் குளிர்ந்த ரூமா இருந்தா இருட்டுக் கணக்கு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் மொட்டு வைக்கும். என் பின் ரூம் குளிரானதும் கூட, அதுவும் உதவியிருக்கும்.

டிசம்பர் 11

படிச்சுட்டு இருக்கும்போது பக்கத்து மேல ஒரு கறுப்பு கொசு மாதிரி நடந்து போகுதா? வரிக்கு வரி தாண்டி, விளக்கு வெளிச்சம் விழற மார்ஜின்ல நின்னு, ஊதினா பறக்கவும் சோம்பல்பட்டு மறுபடி வந்து உக்காரும். அது கடிக்காது, பூஞ்சைக் கொசு. வெளிச்சத்தைத் தேடி வரும், அதனால தொட்டியில பாக்கறதுக்கு முன்னாடி புத்தகத்துல தான் முதல்ல கண்ணுல படும். அதோட புழு மேல் மண்ணுல ரெண்டு அங்குலத்துக்குள்ள இருந்துக்கிட்டு பூஞ்சையையும் மெல்லிய வேரையும் தின்னும். ஈரம் காயாத மண்ணு தான் அதுக்கு வீடு. அதனால மறுபடியும் முதல் நாள் சொன்ன அதே விஷயம், மேல் மண்ணை காய விடுங்க. பசை தடவின மஞ்சள் அட்டை ஒண்ணு தொட்டியில சொருகுங்க, பறக்கற பூச்சி அதுல மாட்டும். ரொம்ப ஆயிடுச்சுன்னா கொசுப் புழுவுக்குப் போடற பிடிஐ பாக்டீரியா மருந்தைத் தண்ணியில கலந்து ஊத்தலாம்.

டிசம்பர் 14

"என்ன படிக்கலாம், தோட்டம் பத்தின புத்தகமா சொல்லுங்க"ன்னு கேட்டீங்க. ஏன் தோட்டம் பத்தியே படிக்கணும்? நாள் பூரா செடியைப் பாத்துட்டு ராத்திரியும் அதையே படிச்சா மறுநாள் காலைல புதுசா எதையாவது செஞ்சு பாக்கணும்னு கை துறுதுறுக்கும், குளிர்காலத்துல வேண்டாத வேலையே அது தான். நான் குளிர்ல படிக்கறது பெரிய பெரிய நாவல், கடல் பயணம், பாதி மறந்துபோன பழைய துப்பறியும் கதை. பிடிக்கலன்னா அம்பதாவது பக்கத்துல மூடிடுவேன், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. பரீட்சைக்குப் படிச்ச பழக்கம் நம்மள ரொம்ப நாள் விடாது, புத்தகத்தை முடிக்காம வச்சா ஏதோ தப்பு பண்ணின மாதிரி இருக்கும். சந்தோஷத்துக்குப் படிக்கறதுக்கு அந்தக் கணக்கே கிடையாது.

இத்தனை மாசத்துல இத்தனை புத்தகம்னு இலக்கு வச்சுக்கறதும் எனக்குப் பிடிக்கல. எண்ணிக்கை வந்துட்டா மெலிசான புத்தகமா தேட ஆரம்பிச்சிடுவோம், நல்ல வரியில நின்னு திரும்பப் படிக்க மனசு வராது.

டிசம்பர் 15

இலக்கு பத்தி நேத்து சொன்னதுக்கு ரெண்டு பேர் மறுத்து எழுதியிருக்கீங்க, அதுல ஒருத்தர், ரொம்ப வருஷம் படிக்காமலே போயிட்டதாவும் ராத்திரிக்கு இருபது பக்கம்னு வச்சுக்கிட்டதால தான் திரும்பி வந்ததாவும் எழுதியிருக்கார். யோசிச்சுப் பாத்தா அது நான் சொன்னதுல சேராது. பழக்கம் விட்டுப் போனவங்களுக்கு அந்த இருபது பக்கம் ஒரு பிடிமானம், அவசியம் வேணும். எங்க பிரச்சனைன்னா, பழக்கம் வந்தப்புறமும் எண்ணிக்கிட்டே இருக்கறதுல தான். ஆனா அதுவும் ஆளுக்கு ஆள் மாறும், சரி.

படிக்கும்போது போனை வேற ரூம்ல வைக்கணும்ங்கறதுல மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டிசம்பர் 22

வருஷத்துலயே நீளமான ராத்திரி வடக்கு பாதியில 21 இல்ல 22 தேதி தான். ஆனா கவனிச்சீங்களா, சூரியன் சீக்கிரமா மறையற நாள் ஏற்கனவே போயிடுச்சு. நடு அட்சரேகையில இருக்கறவங்களுக்கு அது டிசம்பர் முதல் பாதியிலயே வந்துடும், சூரியன் லேட்டா உதிக்கறது ஜனவரி ஆரம்பத்துல. அதனால சாயங்காலம் ஜன்னல் ஓரம் படிக்கறவங்களுக்கு வெளிச்சம் இப்பவே நீள ஆரம்பிச்சாச்சு, காலைல படிக்கறவங்க தான் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கணும்.

டிசம்பர் 2 எழுதின 10 மணிக் கணக்கையும் ரொம்ப கறாரா எடுத்துக்க வேண்டாம். மேகம், மண்ணோட குளிர், செடியோட ரகம் எல்லாம் அதுல வரும். உள்ள எல்இடி போட்டு வளக்கறவங்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது, சாதாரண வெள்ளை எல்இடியே போதும், செடிக்கு மேல ஒரு முழம் உயரத்துல, 12ல இருந்து 14 மணி நேரம். கள்ளியை மட்டும் அந்தப் பக்கம் கொண்டு போகாதீங்க.

ஜனவரி 3

ஹீட்டர் போடற வீடுகள்ல இப்ப இலை நுனி காய்ஞ்சு பழுப்பாகுதுன்னு நிறைய பேர். ரூம் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழ போயிடும், அந்த உலர்ந்த சூட்டுல சிவப்புச் சிலந்திப் பேன் கொண்டாட்டமா பெருகும். இலை அடிப்பக்கம் மெல்லிய வலை தெரிஞ்சா அது தான், குளியலறையில வச்சு அடிப்பக்கம் நல்லா கழுவி விடுங்க. ஸ்பிரே பாட்டில்ல தண்ணி அடிக்கறது சில நிமிஷத்துக்குத் தான், அதுக்கு மேல பிரயோஜனம் இல்ல. செடிங்களை நெருக்கி வைங்க.

ஈரப்பதக் கருவி வாங்கறவங்க புத்தகத்தை மறந்துடாதீங்க. 65 சதவீதத்துக்கு மேல தொடர்ந்து இருந்தா தாள்ல பூஞ்சை பிடிக்கும், வெள்ளிப்பூச்சியும் வரும். 40, 50க்குள்ள வச்சுக்கிட்டா செடியும் சமாளிக்கும், தாளும் கெடாது. அலமாரியை வெளிச் சுவர்ல ஒட்டாம ரெண்டு விரல் இடைவெளி விடுங்க, குளிர்ந்த சுவர்ல தான் ஈரம் பூக்கும்.

பெரணி மாதிரி ரொம்ப ஈரம் கேக்கறதை கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிடறது இன்னும் சுலபம். லண்டன்ல வார்டுன்னு ஒரு டாக்டர், கரிப்புகையில பெரணி எதுவுமே பிழைக்காம தவிச்சுட்டு இருந்தவர், 1829ல ஒரு அந்துப்பூச்சிக் கூட்டை ஈர மண்ணோட மூடின பாட்டில்ல வச்சிருந்தார். பூச்சியைப் பாக்கப் போன இடத்துல மண்ணுல இருந்து ஒரு பெரணியும் புல்லும் முளைச்சு நின்னுது. பகல்ல ஆவியாகற தண்ணி கண்ணாடியில பட்டு திரும்ப மண்ணுக்கே இறங்குது, அவ்வளவு தான் சூட்சுமம். 1833ல ரெண்டு பெட்டி செடி கப்பல்ல சிட்னி வரைக்கும் உயிரோட போச்சு. மேஜை விளக்குக்குப் பக்கத்துல ஒண்ணு வச்சா கண்ணுக்கும் குளிர்ச்சி. நேர் வெயில்ல மட்டும் வச்சிடாதீங்க, உள்ள அவிஞ்சு போயிடும்.

ஜனவரி 4

"படிக்கற ரூம்ல மண்ணா, வீட்டுல திட்டறாங்க"ன்னு எழுதினவருக்கு: டார்வின் தன்னோட படிப்பறையில தொட்டி தொட்டியா மண்புழுவே வச்சிருந்தார்னு சொல்லிப் பாருங்க. பக்கத்துல பியானோ வாசிச்சாங்க, அவர் மகன் பஸ்ஸூன்னு ஒரு ஊதற வாத்தியத்தை ஊதினார், புழு அசையல. தொட்டியை பியானோ மேலயே வச்சு கட்டையை அழுத்தினதும் அதிர்வுல சட்டுனு வளைக்குள்ள போயிடுச்சு. 1881ல இதையெல்லாம் எழுதி வெளியிட்டார்.

ஜனவரி 18

இப்ப கொஞ்சம் வேலை வந்துடுச்சு. பழைய விதைப் பாக்கெட்டை எல்லாம் கொட்டி முளைப்புத்திறன் பாருங்க. ஈரமான காகிதத் துண்டுல பத்து விதையை வரிசையா வச்சு சுருட்டி, பேர், தேதி எழுதி ஒரு கவர்ல போட்டு சூடான இடத்துல வைங்க. ஏழு எட்டு முளைச்சா நல்ல விதை, நாலு அஞ்சுன்னா அடர்த்தியா விதைங்க, அதுக்கும் கீழன்னா புதுசு வாங்கிடுங்க. வெங்காய விதை ஒரு வருஷத்துக்கு மேல நம்ப முடியாது, தக்காளி நாலஞ்சு வருஷம் தாங்கும்.

விதைப் பட்டியல் படிக்கறதும் படிப்பு தான்னு ஒருத்தர் சொன்னதை முழுசா ஒத்துக்கறேன், அதுல வர்ற ரகப் பேர்களை மெதுவா வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க.

வெளிய ஆப்பிள், பேரிக்காய் மரம் இருந்தா உறக்கத்துல இருக்கும்போதே கவாத்து பண்ணலாம். பிளம், செர்ரியை குளிர்ல வெட்டாதீங்க, வெட்டுக்காயம் வழியா வெள்ளி இலை நோய் ஏறும், அதுக்கு கோடை தான் சரி.

பிப்ரவரி 6

முதல்ல கேள்வி கேட்டவர் எழுதியிருக்கார், மஞ்சளாகறது நின்னுடுச்சாம், தண்ணி இப்ப தூக்கிப் பாத்துத் தான் ஊத்தறாராம், தடிமனான நாவல் ஒண்ணு முடிஞ்சு அடுத்தது ஓடுதாம். ரொம்ப சந்தோஷங்க. நாற்காலியைத் திருப்பிப் போட்டது நல்ல யோசனை.

பூ முடிஞ்சப்புறம் என்ன பண்றதுன்னு நீங்க கேட்ட அமரில்லிஸ், அதான் லில்லி மாதிரி பெரிசா பூக்குமே, அந்தக் கிழங்கைத் தூக்கிப் போடாதீங்க. பூ முடிஞ்ச தண்டை மட்டும் அடியோட வெட்டுங்க, இலையை விட்டுடுங்க, அடுத்த வருஷப் பூவுக்கு சாப்பாடு சேத்து வைக்கறதே அந்த இலை தான். உங்க நாற்காலிப் பக்கத்து ஜன்னல்லயே நல்ல வெளிச்சத்துல இருக்கட்டும், இலை நல்லா வளர்ற வரைக்கும் மண்ணு காய்ஞ்சப்புறம் தண்ணியும் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை உரமும் குடுங்க. கோடை முடிஞ்சதும் தண்ணியை நிறுத்தி எட்டு, பத்து வாரம் குளிர்ந்த உலர்ந்த இடத்துல வச்சுட்டு திரும்ப எடுத்து தண்ணி காட்டினா ஆறுல இருந்து எட்டு வாரத்துல பூத்துடும். இதுக்கு படிக்கற விளக்கு பக்கத்துல இருந்தாலும் ஒண்ணும் ஆகாது.